சான் கிந்தீனுக்குப் போகுமுன்: நம் சபையின் மிஷன் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

கிறிஸ்துவுக்குள் அன்பான ஆயர் ஐயா அவர்களுக்கும், மிஷன் குழுவினருக்கும், வாலிபர் ஐக்கியத் தலைவர்களுக்கும்,

ஸ்தோத்திரம்.

வரும் வசந்த விடுமுறையில் இங்கே தென் கலிஃபோர்னியாவிலிருந்து நம் வாலிபப் பிள்ளைகளை மெக்சிகோவில், பாஹா கலிஃபோர்னியா மாநிலத்திலுள்ள சான் கிந்தீனுக்கு ஊழியப் பயணம் அழைத்துப் போகிறீர்கள். போன ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அதன் அட்டவணை எல்லோர் கைக்கும் வந்தது. என் மகனும் பேர் கொடுத்திருக்கிறான். அவன் போக வேண்டும் என்றுதான் நானும் ஆசைப்படுகிறேன். பயணத்தை நிறுத்தச் சொல்லி எழுதுகிறேன் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. நான் கேட்பது ஒன்றுதான்: அந்த அட்டவணையை அங்கிருக்கிற சபையார் போடட்டும்.

இதைக் குழுவில் மட்டும் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். சொன்னேன். ஆனால் இந்தப் பயணத்துக்குப் போகிற பணம் சபையார் எல்லோரும் போட்ட காணிக்கை. போகிற பிள்ளைகள் எல்லா வீட்டுப் பிள்ளைகளும். அதனால் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

அறிவிப்புத் தாளில் சான் கிந்தீனை "சுவிசேஷம் எட்டாத ஏழை மீனவ கிராமம்" என்று போட்டிருக்கிறோம். அது சரியில்லை. எல்லையைத் தாண்டி ஒன்றாம் எண் நெடுஞ்சாலையில் தெற்கே சுமார் 300 கிலோமீட்டர் போனால் வருகிற பெரிய பள்ளத்தாக்கு அது. ஒரு பக்கம் பசிபிக் கடல், நடுவில் நெடுஞ்சாலை, இரண்டு பக்கமும் கண்ணுக்கெட்டிய தூரம் ஸ்ட்ராபெரியும் தக்காளியும். வளைகுடாவில் சிப்பி வளர்க்கிறார்கள், மீன் பிடிக்கிறவர்களும் உண்டு. ஆனால் ஊரின் பெரும்பகுதி ஜனம் வயலில் கூலி வேலை செய்து பிழைக்கிறது. ஓஹாகா, கெரேரோ என்ற தென் மாநிலங்களிலிருந்து, கிட்டத்தட்ட நாட்டின் மறுகோடியிலிருந்து, கூலிக்காக வந்து அங்கேயே தங்கிப்போன மிஷ்தெக், த்ரிக்கி, சபோதெக் என்ற பூர்வகுடிக் குடும்பங்கள் அவர்கள். 2020 வரை அந்தப் பள்ளத்தாக்குக்குத் தனி நகராட்சிகூட இல்லை. எந்தக் காரியத்துக்கும் 190 கிலோமீட்டர் தள்ளியிருக்கிற என்செனாடாவின் கீழ்தான் இருந்தார்கள்.

சுவிசேஷமும் அங்கே நாளைக்குப் புதிதாகப் போகப் போவதில்லை. பள்ளத்தாக்கின் வடக்கே, விசென்தே கெரேரோ என்ற ஊருக்குப் பக்கத்தில், தொமினிக்கன் சபைத் துறவிகள் 1775இல் சாந்தோ தொமிங்கோ மிஷனை நிறுவினார்கள். நாம் குடியிருக்கிற அமெரிக்கா சுதந்திரப் பிரகடனம் செய்ததற்கு ஒரு வருடம் முந்தி. அந்த மிஷன்களின் காலத்தில் வெளியிலிருந்து வந்த அம்மை நோயிலும் மற்றக் கொள்ளை நோய்களிலும் அந்த மண்ணின் பூர்வ குடிகள் கூட்டம் கூட்டமாகச் செத்தார்கள். இன்றைக்கு அங்கே கத்தோலிக்கக் கோவில்களும் இருக்கின்றன, கூலிக்காரர்களே கட்டி நடத்துகிற சின்னச் சின்ன சுவிசேஷ சபைகளும் இருக்கின்றன. நம் பிள்ளைகள் போய் இறங்கப் போவதும் அப்படிப்பட்ட ஒரு சபையில்தான். அதன் போதகரே வாரத்தில் ஆறு நாள் வயலுக்குப் போகிறவர்.

இனி அட்டவணைக்கு வருகிறேன். காலை பத்து மணி முதல் பன்னிரண்டரை வரை விடுமுறை வேதாகமப் பள்ளி. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு குடும்பத்துக்கு ஓர் அறை வீடு கட்டுவது. சபைக் கட்டடத்துக்கு வர்ணம் அடிப்பது. ஒரு சாயங்காலம் கடற்கரை. கடைசி ராத்திரி சாட்சிக் கூட்டம். எல்லாம் நல்ல எண்ணத்தோடு போட்டதுதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் எந்த மாதத்தில் போகிறோம் என்று பாருங்கள். சான் கிந்தீனில் ஸ்ட்ராபெரி அறுவடை உச்சத்தில் இருப்பதே வசந்த காலத்தில்தான். வேலைக்குப் போகிறவர்கள் விடியும் முன்னே, இருட்டிலேயே, தெருமுனையில் நின்று பஸ் ஏறுகிறார்கள். வெயிலுக்கும் பூச்சி மருந்துக்கும் முகத்தைத் துணியால் கண் மட்டும் தெரியும்படி சுற்றிக்கொண்டு, நாள் முழுக்கக் குனிந்த முதுகு நிமிராமல் பறிக்கிறார்கள். வீடு திரும்பப் பிற்பகலாகிவிடும், சில நாள் சாயங்காலமும் ஆகிவிடும். நாம் யாரைச் சந்திக்கப் போகிறோமோ அவர்கள் நம் பகல் நிகழ்ச்சி நேரத்தில் ஊரிலேயே இருக்க மாட்டார்கள்.

வாட்ஸ்அப்பில் அந்தப் போதகரோடு குழு பேசியபோது மொழிபெயர்க்க என்னைக் கூப்பிட்டிருந்தீர்கள். நான் வேலை பார்க்கிற மருத்துவமனையில் ஸ்பானிஷ் பேசாமல் ஒரு நாளும் ஓடாது. அந்தப் பழக்கத்தில்தான் வந்தேன். நாம் அட்டவணையை வரி வரியாக வாசித்தோம். ஒவ்வொன்றுக்கும் அவர், "நல்லது சகோதரரே, நீங்கள் வருவதே எங்களுக்குச் சந்தோஷம்" என்றார். முடியப் போகிற நேரத்தில் அவர் மனைவி போனை வாங்கினார். தயங்கித் தயங்கித்தான் கேட்டார்: பிள்ளைகளுக்கான வகுப்பைக் காலை ஐந்து மணிக்கே தொடங்க முடியுமா?

ஏன் என்று நான் கேட்டதற்கு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். அம்மாக்கள் இருட்டில் கிளம்பிவிடுகிறார்கள். வீட்டில் பத்து, பதினொரு வயதுப் பெண்பிள்ளை இருந்தால் தம்பி தங்கைகள் அவள் பொறுப்பு. வகுப்பு பத்து மணிக்கு என்றால் அதற்குள் அவள் சின்னதுகளை எழுப்பி, முகம் கழுவி, எதையாவது ஊட்டி, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வர வேண்டும். வந்த பிறகும் இடுப்பில் கைக்குழந்தையோடு வாசலிலேயே நிற்பாள். பாட்டுக்கு வர மாட்டாள், படம் வரைய உட்கார மாட்டாள். முன்பு வேறொரு குழு வந்தபோது அப்படித்தான் நின்றார்களாம். பன்னிரண்டரைக்கு வகுப்பு முடிந்ததும் எல்லோரையும் மறுபடி வீட்டுக்குக் கூட்டிப்போய், அம்மா வரும் வரை பார்த்துக்கொள்ள வேண்டும். ஐந்து மணிக்குக் கோவில் கதவு திறந்திருந்தால் அம்மாக்கள் பஸ் ஏறப் போகிற வழியில் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போவார்கள். கைக்குழந்தைகளைச் சபையின் பாட்டிமார் பார்த்துக்கொள்வார்கள். அந்த ஒரு வாரம் அந்தப் பெரிய பிள்ளைகளும் மற்றவர்களோடு சேர்ந்து விளையாடுவார்கள். இதுதான் அந்த அம்மாள் கேட்டது.

அந்தக் கேள்வி நம் கூட்டக் குறிப்பில் ஏறவில்லை. போன ஞாயிறு கைக்கு வந்த அட்டவணையிலும் பத்து மணி என்றுதான் இருக்கிறது.

இது எனக்கு ஏன் இவ்வளவு உறுத்துகிறது என்றால், நான் மிஷன் வந்து இறங்கிய கரையில் பிறந்தவள். எங்கள் ஊர் தரங்கம்பாடி. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் கரை நெடுக உதவி வந்தது. வந்தவர்களில் பலர் எங்களோடு அழுதார்கள், பிணம் எடுத்தார்கள், மாதக்கணக்கில் தங்கிப் படகும் வலையும் கிடைக்க அலைந்தார்கள். அவர்களை இன்றைக்கும் ஜெபத்தில் நினைக்கிறோம். ஆனால் கேட்காமல் வந்த உதவியும் குவிந்தது. பழைய துணி லாரி லாரியாக வந்து ரோட்டோரத்தில் கொட்டிக் கிடந்தது. டிசம்பர் என்று நினைத்துக் கம்பளிச் சட்டை அனுப்பியிருந்தார்கள். எங்கள் ஊர் டிசம்பரில் அதை யார் போடுவது? பெண்கள் அந்தக் குவியலைக் கிளறி மாற்று உள்ளாடை தேடியதை நான் பார்த்தேன். ஒரே பிள்ளையிடம் ஒரு குழு வந்து "அலையை வரைந்து காட்டு" என்று சொல்லும். அடுத்த வாரம் இன்னொரு குழு வந்து அதையே கேட்கும். அந்தப் பிள்ளைகளும் வரைந்து கொடுத்தார்கள். எங்கள் கரையில் வீடு தேடி வந்தவரிடம் வேண்டாம் என்று சொல்கிற வழக்கம் இல்லை. அந்தப் போதகர் "சந்தோஷம்" என்று சொன்னபோது அந்தக் குரல் எனக்குத் தெரிந்த குரல். நம் அட்டவணைக்கு அவர் சம்மதித்துவிட்டார் என்று அதை எடுத்துக்கொள்ள என்னால் முடியவில்லை.

அதே தரங்கம்பாடியில்தான் 1706 ஜூலையில் முதல் புராட்டஸ்டன்ட் மிஷனெரிகளான சீகன்பால்குவும் புளூட்சோவும் வந்து இறங்கினார்கள். சீகன்பால்குவுக்கு அப்போது இருபத்து நான்கை ஒட்டிய வயது. நம் வாலிபர் தலைவர்களின் வயதுதான். திண்ணைப் பள்ளியில் சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் எழுதித்தான் அவர் தமிழ் எழுத்துப் படித்தார் என்று எங்கள் ஞாயிறு பள்ளியில் சொல்லிக்கொடுப்பார்கள். அவருடைய தமிழ்ப் புதிய ஏற்பாடு 1715இல் அச்சேறியது. 1719இல் எங்கள் ஊரிலேயே இறந்தார். ஒரு வாரம் போகிற பிள்ளைகளிடம் நான் அதையெல்லாம் எதிர்பார்க்கவில்லை. முதலில் உட்கார்ந்து கேட்டார் என்பதை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

அடுத்தது வீடு. 1998இல் மிட்ச் புயல் மத்திய அமெரிக்காவின் ஹோண்டுராஸைச் சிதைத்த பிறகு வட அமெரிக்காவிலிருந்து ஏராளமான சபைக் குழுக்கள் போய் வீடு கட்டின. அங்கே தங்கி வேலை செய்த சமூகவியல் பேராசிரியர் கர்ட் வெர் பீக், தாமும் ஒரு கிறிஸ்தவர், அதன் பலனை ஆராய்ந்து 2006இல் வெளியிட்டார். பயணச் செலவையும் சேர்த்தால் வெளியிலிருந்து போன குழுக்களுக்கு ஒரு வீட்டுக்குச் சுமார் 30,000 டாலர் ஆகியிருந்தது. உள்ளூர்க் கிறிஸ்தவ அமைப்பு அதே மாதிரி வீட்டைச் சுமார் 2,000 டாலரில் கட்டியது. வீடு பெற்ற குடும்பங்களின் வாழ்க்கையில் யார் கட்டிக் கொடுத்தார்கள் என்பதால் பெரிய வித்தியாசம் எதையும் அவர் காணவில்லை. போய் வந்தவர்களின் காணிக்கையிலும் ஜெப வாழ்க்கையிலும்கூட நீடித்த மாற்றம் கொஞ்சமாகத்தான் தெரிந்தது.

நாம் வேனில் போகிறோம், விமான டிக்கெட் இல்லை; நம் கணக்கு அந்த அளவுக்குப் போகாது. ஆனாலும் சான் கிந்தீனில் கொத்தனார்கள் இருக்கிறார்கள், தச்சர்கள் இருக்கிறார்கள். அதே சபையிலேயே இருக்கிறார்கள். சுத்தியல் பிடித்துப் பழகாத பதினாறு வயதுப் பிள்ளைகள் அடிக்கிற சுவரை, நாம் திரும்பி வந்த பிறகு அவர்கள்தான் பிரித்துச் சரி செய்ய வேண்டியிருக்கும். வீட்டுக்கென்று ஒதுக்கிய பணத்தை அந்தச் சபையிடம் கொடுப்போம். கொத்தனாருக்கு ஊர்க் கூலியை முழுசாகக் கொடுத்து அவரை மேஸ்திரியாக வைக்கட்டும். நம் பிள்ளைகள் அவருக்குக் கையாளாக மணல் சுமக்கட்டும், கலவை போடட்டும். எந்தக் குடும்பத்துக்கு வீடு என்பதையும் அவர்களே தீர்மானிக்கட்டும். ஒருவேளை அவர்கள் வீடே வேண்டாம், தண்ணீர்த் தொட்டி வேண்டும் என்று சொல்லலாம். கிணற்றுத் தண்ணீரை மிதமிஞ்சி உறிஞ்சியதால் கடல்நீர் உள்ளே ஏறி உப்பான பள்ளத்தாக்கு அது. பெரிய பண்ணைகள் உப்பு நீக்கும் எந்திரம் வைத்து வயலுக்குப் பாய்ச்சுகின்றன. கூலிக்காரர் குடியிருப்புகளில் லாரித் தண்ணீருக்குக் காசு கொடுத்துக் காத்திருக்கிறார்கள். குடிதண்ணீருக்குக் குடத்தோடு நின்ற தாய்மார்கள் நம் சபையில் எத்தனையோ பேர். இதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுவதை இப்போது சொல்கிறேன். ஆராதனை முடிந்து நாம் கூடிச் சாப்பிடுகிற மேஜையில் பிளாஸ்டிக் பெட்டியில் ஸ்ட்ராபெரி வைக்கிறோம். அந்தப் பள்ளத்தாக்கின் விளைச்சலில் பெரும்பங்கு எல்லை தாண்டி இங்கே, நம் கடைகளுக்குத்தான் வருகிறது. சான் கிந்தீன் ஜனங்களுக்கும் நமக்கும் ஊழியப் பயணத்துக்கு முன்பே, வெகு காலமாகவே, கொடுக்கல் வாங்கல் இருக்கிறது.

2015 மார்ச் 17ஆம் தேதி அந்தக் கூலிக்காரர்கள் அறுவடை உச்சத்தில் வேலையை நிறுத்தி நெடுஞ்சாலையை மறித்தார்கள். ஆயிரமாயிரம் பேர். அப்போது நாள் கூலி நூற்றுச் சொச்சம் பெசோ. அவர்கள் கேட்டது 300 பெசோ, அன்றைய மதிப்பில் சுமார் 20 டாலர். சட்டப்படி தங்களைச் சமூகக் காப்புறுதியில் சேர்க்க வேண்டும் என்று கேட்டார்கள். மேற்பார்வையாளர்கள் பெண்களிடம் தப்பாக நடப்பதை நிறுத்த வேண்டும் என்று கேட்டார்கள். மே மாதம் போலீஸ் ரப்பர் குண்டு சுட்டுப் பலர் காயப்பட்டார்கள். கடைசியில் பண்ணையின் அளவைப் பொறுத்து 150 முதல் 180 பெசோ என்று முடிந்தது. 2019இல் மெக்சிகோ அரசு வடக்கு எல்லைப் பகுதிக்குக் குறைந்தபட்சக் கூலியை 176.72 பெசோவாக உயர்த்தியது. அதன் பிறகும் ஆண்டுதோறும் ஏற்றி வருகிறது. நிலைமை அன்றைக்கு இருந்ததைவிட மேல்தான். அந்த மேன்மை அவர்கள் ரோட்டில் நின்றதாலும் வந்தது.

நம் ஆயத்த வகுப்புகளில் இதில் ஒரு வரிகூட இல்லை. "வேலையாட்களின் கூலி கூக்குரலிடுகிறது" என்று யாக்கோபு ஐந்தாம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். வயலை அறுத்தவர்களின் கூலியைப் பற்றிய வசனம் அது. அந்த வயலுக்கே பிள்ளைகளைக் கூட்டிப் போகிறோம். போகுமுன் அந்த அதிகாரத்தையும் 2015ஐயும் சேர்த்து வைத்துப் படிக்க வேண்டாமா? அந்த வேலைநிறுத்தத்தில் நின்றவர்கள் அந்தச் சபையிலேயே இருப்பார்கள். அவர்கள் விருப்பப்பட்டுப் பேசினால் ஒரு சாயங்காலம் பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து கேட்கட்டும். கடற்கரைக்கு அதற்கு மறுநாள் போகலாம்.

ஆயத்தத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம். மிஷ்தெக் குடும்பங்கள் பாஹாவோடு நிற்கவில்லை. இங்கே கலிஃபோர்னியாவிலேயே ஆக்ஸ்நார்டிலும் சாந்தா மரியாவிலும் ஸ்ட்ராபெரி வயல்களில் அவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். முதல் பயணம் ஆக்ஸ்நார்டுக்கு என்று இருக்கலாம், ஒரு சனிக்கிழமை போதும். நம் பிள்ளைகள் பள்ளியில் ஸ்பானிஷ் எடுக்கிறார்கள், நல்லது. ஆனால் சான் கிந்தீனில் பல பாட்டிமாருக்கு ஸ்பானிஷும் அந்நிய பாஷைதான். பாட்டி மிஷ்தெக்கில் கேட்க, பேரன் ஸ்பானிஷில் பதில் சொல்கிற வீடுகள் அவை. நம் வீட்டு அப்பத்தா தமிழில் கேட்க, பேரப்பிள்ளை ஆங்கிலத்தில் பதில் சொல்வதைத் தினமும் பார்க்கிறோம். வெள்ளைக்காரச் சபைப் பிள்ளைகளுக்குப் புரியாத இந்த விஷயம் நம் பிள்ளைகளுக்குச் சொல்லாமலே புரியும். இந்தப் பயணத்தில் அவர்களால் கொடுக்க முடிகிற நல்ல காரியங்களில் இதுவும் ஒன்று என்று நான் நம்புகிறேன்.

படம் எடுப்பதைப் பற்றிச் சுருக்கமாக: அங்குள்ள பிள்ளைகளின் முகத்தை யாரும் இன்ஸ்டாகிராமில் போடக் கூடாது. தாய் தகப்பன் வயலில் இருக்கும்போது அனுமதி கொடுக்க யாரும் இல்லை. திரும்பி வந்த பிறகு நடக்கிற சாட்சி ஞாயிற்றில், "அவர்களிடம் ஒன்றுமில்லை, ஆனாலும் எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறார்கள்" என்று பேச வேண்டாம் என்றும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். எங்கள் கரைக்கு வந்து போனவர்களும் அப்படித்தான் பேசினார்கள். யாரிடம் என்ன கற்றுக்கொண்டார்கள், அவர் என்ன வேலை செய்கிறார், எதற்காக ஜெபிக்கச் சொன்னார் என்று பேசட்டும்.

ஒரு வேதனையையும் இங்கே சொல்ல வேண்டும். நம் பிள்ளைகள் பாஸ்போர்ட்டைக் காட்டிவிட்டுச் சில மணி நேரத்தில் அங்கே போய்விடுவார்கள். அந்தச் சபையின் வாலிபர்கள் நம் சபைக்கு ஒரு ஞாயிறு வர ஆசைப்பட்டால் விசா வேண்டும். கூலிக்காரர் வீட்டுப் பிள்ளைக்கு அது கிடைப்பது அரிது. அவர்களால் திரும்ப வந்து பார்க்க முடியாத உறவு இது. அதனால் அதைக் காப்பாற்றுகிற பொறுப்பு நம் பக்கம் கூடுதலாக இருக்கிறது. அடுத்த வருடம் வேறு ஊர், அதற்கடுத்து வேறு நாடு என்று போகாமல் அதே சபைக்கே போவோம். நடுவில் அவர்கள் போதகர் வீடியோ அழைப்பில் நமக்குப் பிரசங்கம் பண்ணட்டும். மொழிபெயர்ப்பை நான் பார்த்துக்கொள்கிறேன்.

வேனுக்கு முன்பணம் கட்டுகிற தேதி நெருங்குகிறது என்று தெரியும். அதற்கு முன்னால் இன்னும் ஒரு முறை அவர்களோடு பேசுவோம். அவர்களுக்கு வேலை இல்லாத ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமாகப் பார்த்துப் பேசுவோம்; போதகர் மட்டுமல்ல, அவர் மனைவியும் சபைப் பெண்களும் இருக்கட்டும். நம் அட்டவணையை வாசித்துக் காட்டாமல், எந்த மாதம் வரட்டும், எத்தனை பேர் வரட்டும், எத்தனை மணிக்கு என்ன செய்யட்டும் என்று கேட்போம். இந்த வசந்தத்தில் வேண்டாம், அறுவடை முடிந்து வாருங்கள் என்றால் அப்படியே தள்ளிவைப்போம். பதினைந்து பேர் அதிகம், ஆறு பேர் போதும் என்றால் என் மகன் அடுத்த முறை போவான், அவனிடம் பேசிவிட்டேன்.

காலை ஐந்து மணி என்பது உறுதியானால் நாலரைக்கே யாராவது எழுந்து கதவைத் திறக்க வேண்டும், பால் காய்ச்ச வேண்டும். அந்த வாரத்துக்கு விடுப்பு எடுத்துக்கொண்டு வர நான் தயார். இன்னும் இரண்டு தாய்மாரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

கர்த்தருக்குள்,
வாலிபர் ஐக்கியத்தில் மகனை வைத்திருக்கும் ஒரு சபை அங்கத்தினர்,
தென் கலிஃபோர்னியா